எடை பார்த்து அழிப்பது: பழைய போனில் இடம் உண்டாக்கும் முறை

கோபிசெட்டிபாளையத்தில் என் சித்தி தையல் கடை வைத்திருக்கிறார். 2017-இல் வாங்கிய 16 ஜிபி போன் ஒன்றுதான் அவருக்கு அளவு நோட்டும் மாடல் புத்தகமும். வாடிக்கையாளர்கள் ரவிக்கை மாடல்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தைத்து முடித்ததும் சித்தி படம் எடுத்து அனுப்புவார். பொங்கலுக்குப் போயிருந்தபோது போனை என் கையில் கொடுத்தார்.

"கண்ணு, ஒரு போட்டோ புடிக்க மாட்டேங்குது. எடமில்லை எடமில்லைங்குது. கடையில கேட்டா புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. நானும் தெனமும் அழிச்சுட்டுதான் இருக்கறேன்."

"எதையெல்லாம் அழிச்சீங்க, சித்தி?"

"உங்க சித்தப்பா பேசினதைத்தான்."

சித்தப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு எழுதி அனுப்பும் பழக்கம் கிடையாது. எதையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். பஸ் ஏறிவிட்டேன், சாப்பிட்டாயா, கதவைச் சாத்திக்கொள் என்று அரை அரை நிமிடப் பேச்சு. போன் எச்சரிக்கும்போதெல்லாம் சித்தி அவற்றில் இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டு அழித்திருக்கிறார். மனிதர் பேசியது ஆயிற்றே, நிறைய இடம் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறார். நாற்பதுக்கு மேல் போய்விட்டன.

அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்றின் அளவு 100 கேபியைத் தாண்டுவது அபூர்வம். நாற்பதையும் சேர்த்தால் 4 எம்பி. சித்தி போன் கேமராவில் எடுத்த ஒரே ஒரு ரவிக்கைப் படமும் அதே 4 எம்பி. அதே நேரத்தில் அவர் திறந்துகூடப் பார்க்காத குழு வீடியோக்கள் அந்தப் போனில் 2 ஜிபிக்கு மேல் உட்கார்ந்திருந்தன.

இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது அந்த நாற்பது மெசேஜ்கள்தான். எதற்கு எவ்வளவு எடை என்று தெரியாமல் அழிக்க ஆரம்பித்தால், இழக்கக் கூடாததை இழப்போம், இடமும் கிடைக்காது. ஆகவே இங்கே சொல்லும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எடை பார்க்க வேண்டும். அடுத்து, வேண்டியதை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அழிப்பது மூன்றாவதாகத்தான் வரும். அவசரத்தில், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, எச்சரிக்கை வந்த நிமிடத்தில் எதையும் அழிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். போன் சார்ஜில் இருக்கட்டும்.

எடை பார்ப்பது

1000 கேபி சேர்ந்தால் ஒரு எம்பி, 1000 எம்பி சேர்ந்தால் ஒரு ஜிபி. நம் வேலைக்கு இந்தக் கணக்கு போதும். பேச்சு ஒரு நிமிடத்துக்கு 100 முதல் 200 கேபி. வாட்ஸ்அப்பில் வழக்கமாக வரும் படம் சுருங்கி வருவதால் அதுவும் சில நூறு கேபிதான். கேமராவில் நாமே எடுத்த படம் 3 முதல் 5 எம்பி. முழு எச்டி, அதாவது 1080பி வீடியோ, பழைய போன்களில் நிமிடத்துக்கு 130 எம்பி அளவுக்குப் போகும். அந்த ஒரு நிமிட வீடியோ பிடிக்கும் இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் வைக்கலாம். அழிக்கும் கை முதலில் வீடியோவுக்குப் போக வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இனி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து, அங்கே காட்டும் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 16 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டும் உடன் வந்த செயலிகளும் போக, நம் கைக்கு வருவது 10 ஜிபி சுமார். சித்தியின் போனில் நான் எழுதிய கணக்கு இது: வாட்ஸ்அப் 4.6 ஜிபி, கேமரா படங்களும் வீடியோவும் 1.9, செயலிகள் 3, உதிரிகள் 0.3. மிச்சம் 180 எம்பி.

180 எம்பி இருக்கும்போது 4 எம்பி படம் ஏன் எடுக்க முடியவில்லை என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. மொத்த இடத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழே காலியிடம் இறங்கினால் ஆண்ட்ராய்டு எச்சரிக்கத் தொடங்கும். தன் சொந்த வேலைக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு செயலிகளைத் தடுக்கவும் செய்யும். எனவே காலி என்று காட்டும் இடமெல்லாம் நமக்கானது அல்ல.

போன் மந்தமாவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே மறுபடி எழுத முடியும். அந்தக் கட்டத்தில் வேண்டிய தகவலும் கலந்திருந்தால் அதை முதலில் வேறு காலிக் கட்டத்துக்கு மாற்றியாக வேண்டும். களம் முழுக்க மஞ்சள் பரப்பியிருந்தால் புரட்டிப் போட இடமிருக்காது. ஒரு ஓரம் காலியாக இருந்தால்தான் கை ஓடும். போனும் அப்படித்தான். 16 ஜிபி போனில் எப்போதும் 2 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள். சித்தியின் போன் மூன்று நாளில் வேகம் பிடித்ததற்கு நான் வேறு எந்த வைத்தியமும் செய்யவில்லை.

பத்திரப்படுத்துவது

அழிக்கும் முன் பிரதி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளுக்கு நான் சொல்வது ஓடிஜி பென் டிரைவ். ஒரு முனை போனில் செருகுவதாகவும் மறுமுனை சாதாரண யூஎஸ்பியாகவும் இருக்கும். பழைய போனின் சார்ஜ் துளை பெரும்பாலும் மைக்ரோ யூஎஸ்பி. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது டைப்-சி. போனைக் கையோடு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் தனியாக ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

ஃபைல் மேனேஜரில் காப்பி, மூவ் என்று இரண்டு வழி இருக்கும். எப்போதும் காப்பி மட்டும் செய்யுங்கள். மூவ் செய்யும்போது பாதியில் பென் டிரைவ் ஆடிவிட்டால் இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும் ஆபத்து உண்டு. காப்பி முடிந்ததும் பென் டிரைவில் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள், முக்கியமாகக் கடைசியாகப் போனதை. உயிராக நினைக்கும் கோப்புகள் இரண்டு இடத்தில் இருக்கட்டும். பென் டிரைவும் ஒருநாள் சொல்லாமல் செத்துப்போகும்.

வாட்ஸ்அப்பின் வாய்ஸ் மெசேஜ்கள் போனுக்குள் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரில் வாரவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பழைய போன்களில் இன்டர்னல் ஸ்டோரேஜில் வாட்ஸ்அப், அதற்குள் மீடியா என்று போனால் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 11-ம் அதற்குப் பிந்தையதும் உள்ள போன்களில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். சித்தியின் போனில் மிஞ்சியிருந்த வாய்ஸ் மெசேஜ்கள் மொத்தமும் 41 எம்பிதான். முதல் வேலையாக அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் ஏற்றினேன்.

அழிந்துபோனவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் போனில் நாம் அழித்தால் அடுத்தவர் போனில் உள்ள பிரதி அழியாது. சித்தப்பா குடும்பக் குழுவிலும் பேசுவார் என்பதால் சித்தியின் மகள் போனில் தேடினோம். பதினொன்று கிடைத்தது. தனியாகச் சித்திக்கு அனுப்பியவை கிடைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது போயிருந்தால், அழிந்ததை மீட்டுத் தரும் செயலிகளைத் தேடி ஓடுமுன் அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவரின் போனையும் கேட்டுப் பாருங்கள். அவர்களும் இடமில்லை என்று அழித்துக்கொண்டிருப்பார்கள், தாமதிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்

நம் ஊர்ப் பழைய போன்களில் பாதி இடம் இங்கேதான் போகிறது. காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, சாமி படம், சமையல் வீடியோ. 2017 டிசம்பரில் கூகுள் ஃபைல்ஸ் கோ என்ற செயலியை டெல்லியில் வெளியிட்டபோது அது குறிவைத்தது இந்த மாதிரிப் போன்களைத்தான். இப்போது அதன் பெயர் ஃபைல்ஸ் பை கூகுள். ஒரே படம் இரண்டு தடவை இருந்தால் காட்டும், பெரிய கோப்புகளை வரிசைப்படுத்தும். ஃபைல் மேனேஜர் சரியில்லாத போனில் இதைப் போட்டுக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்புக்கு உள்ளேயே நல்ல கருவி உண்டு. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பல தடவை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும், கீழே எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். ஃபார்வர்டு ஆனவற்றை முழுதாக அழிக்கலாம். உலகில் வேறு எங்காவது அது இருந்துகொண்டுதான் இருக்கும். 5 எம்பி பட்டியலை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சித்தியின் பட்டியலில் நாற்பது சமையல் வீடியோக்களுக்கு நடுவே பேத்தி முதல் தடவை நடந்த வீடியோ இருந்தது.

கண்ணில் படாத இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 'சென்ட்' ஃபோல்டர். கேமராவில் எடுத்த படத்தையோ வீடியோவையோ நாம் அனுப்பும்போது வாட்ஸ்அப் அதன் சுருக்கிய பிரதி ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைக்கிறது. அனுப்பி அனுப்பித் தொழில் செய்பவர்களுக்கு இது பெருகிக்கொண்டே போகும். மூலப் படம் கையில் இருந்தால் சென்ட் ஃபோல்டரைத் துணிந்து காலி செய்யலாம். உரையாடலில் அந்தப் படம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது, 'டேட்டாபேசஸ்' ஃபோல்டர். ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு ஒரு பேக்கப் எடுத்துப் போனிலேயே வைக்கும். இப்படி ஏழு நாள் பேக்கப் வரை சேரும். பல வருட உரையாடல் இருந்தால் ஒவ்வொன்றும் நூறு எம்பியைத் தாண்டும். சித்தியின் போனில் இது மட்டும் 0.8 ஜிபி. பெயரில் தேதி உள்ளவை பழையவை, அவற்றை நீக்கலாம். தேதி இல்லாத கோப்புதான் ஆகப் புதியது. அதன்மேல் கை வைக்காதீர்கள்.

இனி சேராமல் இருக்க, 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். தொட்டால்தான் படம் இறங்கும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் இந்த அமைப்பு எப்படி இருந்தாலும் தானாகவே இறங்கிவிடும். அதன் எடை நமக்குத் தெரியும், இறங்கட்டும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 'மீடியா விசிபிலிட்டி' என்பதை ஆஃப் செய்தால் குழுப் படங்கள் கேலரியில் தெரியாது. இடம் மிச்சமாகிவிட்டது என்று நினைப்பார்கள். படங்கள் கண்ணுக்கு மறைந்திருக்கும், போனில் அப்படியேதான் இருக்கும்.

கேமரா

படங்களுக்கு கூகுள் போட்டோஸ் வசதியானது, ஆனால் அதன் கணக்கு இப்போது பழைய மாதிரி இல்லை. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகின்றன. அந்த 15-ஐ ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்ந்துவிட்டது. ஏற்றும் தரத்தை 'ஸ்டோரேஜ் சேவர்' என்று வைத்தால் பழைய போன் படங்களுக்குத் தாராளம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, பலர் விழுந்திருக்கிறார்கள். படங்கள் மேலே ஏறிவிட்டன என்று நம்பி, போட்டோஸ் செயலிக்குள்ளேயே அவற்றைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுப்பார்கள். அது போனிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் சேர்த்தே எடுத்துவிடும். சரியான வழி, அதே செயலியில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் வரும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. பத்திரமாக ஏறியவற்றின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். தவறிப்போய் டெலிட் செய்திருந்தால் பதற வேண்டாம். கணக்கில் ஏறியிருந்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஏறாத படத்துக்கு 30 நாள்தான்.

வீடியோ தரத்தைக் கேமரா செட்டிங்ஸில் 720பி-க்கு இறக்குங்கள். பழைய போன் திரையில் வித்தியாசம் தெரியாது. சித்திக்கு நான் இன்னொன்றும் சொன்னேன்: ஒரு ரவிக்கைக்கு ஆறு படம் எடுத்தால் அன்றைக்கே நல்லது இரண்டை வைத்துக்கொண்டு மீதியை நீக்குங்கள் என்று. ஆறு மாதம் கழித்து உட்கார்ந்தால் யாருடைய ரவிக்கை என்பதே நினைவிருக்காது.

செயலிகள்

ப்ளே ஸ்டோரில் 50 எம்பி என்று காட்டும் செயலி போனில் இறங்கி விரிந்ததும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அதன்பின் நாம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தகவலும் சேரும். செட்டிங்ஸில் செயலிகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மூன்று மாதமாகத் திறக்காததை நீக்குங்கள். ரயில் டிக்கெட், மின் கட்டணம் போல எப்போதாவது செய்கிற வேலைகளுக்கு பிரவுசரே போதும். நீக்க முடியாமல் போனோடு வந்தவற்றில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்து, பிறகு 'டிஸேபிள்' செய்யலாம்.

ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் அடுத்தடுத்து இரண்டு பட்டன் இருக்கும். 'க்ளியர் கேஷ்' ஆபத்தில்லாதது. தற்காலிகமாகச் சேர்த்து வைத்ததை நீக்கும், செயலி அதை மறுபடி சேர்த்துக்கொள்ளும். 'க்ளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'க்ளியர் டேட்டா' வேறு. அது செயலியை நேற்று வாங்கிய நிலைக்குக் கொண்டுபோகும். வங்கிச் செயலியில் அழுத்தினால் மறுபடி பதிவு செய்ய வேண்டும். குறிப்பு எழுதும் செயலியில் அழுத்தினால், வேறெங்கும் பேக்கப் இல்லாத குறிப்புகள் போய்விடும். பட்டனில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்த பிறகு தொடுங்கள்.

டெலிகிராம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கே வந்த கோப்புகள் அவர்கள் சர்வரிலேயே இருப்பதால் போனில் உள்ள பிரதியை அழித்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்' பகுதியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அமைத்துவிட்டால் போதும். யூடியூபில் ஆஃப்லைனாகச் சேமித்த வீடியோக்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிளீனர், பூஸ்டர் என்று பெயர் வைத்து வரும் செயலிகள் வேண்டாம். அவையும் இடம் பிடிக்கும், விளம்பரம் காட்டும், எதை நீக்கின என்று நமக்குத் தெரியவும் தெரியாது.

மெமரி கார்டு

போனில் கார்டு போடும் வசதி இருந்தால் 32 ஜிபி கார்டு ஒன்று போன் ஆயுளை நீட்டிக்கும். ஆனால் படமும் பாட்டும் வைக்க மட்டும். கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை கார்டுக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பை கார்டுக்கு மாற்ற முடியாது. ஆண்ட்ராய்டு 6 முதல் கார்டைப் போனின் உள் நினைவகத்தோடு இணைத்துவிடும் வழி ஒன்று வந்தது. அப்படி இணைத்தால் கார்டு அந்தப் போனுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டுவிடும். போன் கெட்டுப்போனால் கார்டை எடுத்து வேறு எதிலும் படிக்க இயலாது. கார்டு மெதுவானதாக இருந்தால் செயலிகளும் இழுக்கும். பழைய போனில் நான் அதைச் செய்வதில்லை.

வாங்கும்போது விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 512 ஜிபி என்று அச்சடித்துச் சில நூறு ரூபாய்க்கு விற்பதில் உண்மையான இடம் மிகக் குறைவு. நிரம்பிய பிறகும் எழுதுவது போலக் காட்டி, முன்னால் வைத்ததைக் கெடுத்துவிடும். கிளாஸ் 10, ஏ1 என்று குறி உள்ள கார்டைத் தெரிந்த கடையில், ரசீதோடு வாங்குங்கள்.

ரீசெட்

இத்தனையும் செய்து முடித்தபோது சித்தியின் போனில் 5 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது, ரீசெட் தேவைப்படவில்லை. எல்லாம் செய்தும் சிஸ்டம், அதர் என்ற பெயரில் கணக்கில் வராத இடம் போய்க்கொண்டிருந்தால் மட்டும் அந்த முடிவுக்கு வாருங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப்பில் கூகுள் கணக்குக்கு பேக்கப் எடுத்து, முடிந்த தேதியையும் நேரத்தையும் அதே பக்கத்தில் சரிபாருங்கள். தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய போன்களில் பாதி எண்கள் போனில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ரீசெட்டுக்குப் பிறகு போன் அதைக் கேட்கலாம். ஓடிபி வரும் சிம் கையில் இருக்க வேண்டும். பென் டிரைவில் உள்ள பிரதியை இன்னொரு போனில் செருகி, அங்கே திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு ரீசெட் பட்டனை அழுத்துங்கள்.